சுவருக்கும் நாடி பார்க்க வேண்டும்

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டின வீட்டைப் பழுது பார்த்துப் பார் என்று மூன்றாவதாக ஒன்றை அவர்கள் சேர்க்காமல் விட்டது ஆச்சரியந்தான். கட்டும்போது இருக்கிற உற்சாகம் பழுது பார்க்கும்போது யாருக்கும் இருப்பதில்லை. கையில் பணமும் அவ்வளவாக இருப்பதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து வெயில் தலை காட்டியதும் ஊர்தோறும் ஒரே காட்சியைக் காணலாம். கூடத்துச் சுவரில் திட்டுத் திட்டாகக் கறை படிந்திருக்கிறது. வர்ணம் கொப்புளம் போலப் பொருமி நிற்கிறது. விரலால் தொட்டால் வெள்ளை வெளேரென்று உப்பு உதிர்கிறது. பொங்கல் வருகிறது, உறவினர் வருவார்கள், மானம் போய்விடுமே என்று மேஸ்திரிக்கு ஆள் அனுப்புகிறார் வீட்டுக்காரர்.

"என்ன மேஸ்திரி, இதுக்கு எவ்வளவு ஆகும்?"

"கொத்தி எடுத்துட்டுப் புதுசாப் பூசிடலாம் சார். மூணு நாள் வேலைதான்."

"அதிகம் போகாம பார்த்துச் செய்யுங்க."

பேச்சு அவ்வளவுதான். மூன்றாம் நாள் சுவர் புதுப் பெண்ணைப் போல மினுமினுக்கிறது. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று வீட்டுக்காரரும் கேட்கவில்லை, மேஸ்திரியும் சொல்லவில்லை. அடுத்த கார்த்திகையில் அதே சுவரில், அதே இடத்தில், அதே கறை!

குற்றம் யார் மேல்?

மேஸ்திரி ஏமாற்றிவிட்டார் என்கிறார் வீட்டுக்காரர். சொன்ன வேலையைச் செய்தேன், பூசச் சொன்னார், பூசினேன் என்கிறார் மேஸ்திரி. இருவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. கோளாறு ஆளிடம் இருப்பதைவிடக் கூலி பேசுகிற முறையில்தான் அதிகம் இருக்கிறது.

பூச்சு வேலைக்குக் கூலி எப்படிப் பேசப்படுகிறது? சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். அல்லது கொத்தனாருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு என்று பேசுகிறார்கள். எப்படிப் பேசினாலும், கரண்டி சுவரில் பட்டால்தான் காசு. "சுவரில் ஒன்றும் இல்லை, மொட்டை மாடியில் மழைநீர்க் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, அதை எடுத்துவிட்டால் போதும்" என்று உண்மையைச் சொல்லுகிற மேஸ்திரிக்கு அன்றைய பிழைப்புப் போயிற்று. பொய் சொன்னால் மூன்று நாள் கூலி, மெய் சொன்னால் ஒரு டம்ளர் காபி என்று ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, அதன் பிறகு நாணயத்தைப் பற்றிப் பேசிப் பயன் என்ன?

வைத்தியர் வீட்டில் இந்த முறை இல்லை. அவர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, மருந்தே வேண்டாம், இரண்டு நாள் கஞ்சி குடித்தால் சரியாகும் என்று சொன்னாலும் அவருக்குரிய பீஸைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். அந்த நியாயம் சுவருக்கும் வேண்டும். பூசுவதற்குக் கூலி கொடுப்பதற்கு முன்னால், பார்ப்பதற்குக் கூலி கொடுக்க வேண்டும். அனுபவம் உள்ள ஒரு கொத்தனாரை அழைத்து, அன்றைய நாட்கூலியை அவர் கையில் கொடுத்து, "இன்றைக்குப் பூச வேண்டாம். மாடியிலிருந்து அஸ்திவாரம் வரை பார்த்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று சொன்னால் போதும்" என்று கேட்கிற பழக்கம் வந்தால், வருஷா வருஷம் சுவரில் அப்பப்படுகிற பணத்தில் பெரும்பகுதி மிச்சமாகும்.

கறை சொல்லும் சேதி

பார்க்கிறவருக்குச் சுவரே பாதி சேதியைச் சொல்லிவிடும். கறை தரையிலிருந்து கிளம்பி, சுமார் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு போட்டதுபோல நின்றுவிட்டால், அது மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம். செங்கல்லில் உள்ள நுண்ணிய துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்து நீரை மேலே இழுக்கின்றன. கறை உச்சியில் தொடங்கிக் கீழே இறங்கினால் மொட்டை மாடியையும், கைப்பிடிச் சுவரையும், மழைநீர்க் குழாயின் வாயையும் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு மேலே கறை கண்டால், சன்ஷேடு சுவரோடு சேருகிற மூலையில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும். நடுச் சுவரில், மழைக்காலம் வெயில்காலம் என்ற பேதமில்லாமல் ஈரம் இருந்தால், அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை இருக்கிறதா, சுவருக்குள் தண்ணீர்க் குழாய் ஓடுகிறதா என்று விசாரிக்க வேண்டும்.

பட்டணத்தில் பழைய வீடுகளுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. தெருவில் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்துவிடுகிறது. ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிப் போன வீட்டுக்குள் இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் வீட்டு அடிச்சுவரில் வந்து சாய்கிறது. இந்த வீட்டில் உட்சுவரை எத்தனை முறை பூசினாலும் என்ன ஆகும்?

விரிசலும் அப்படியே. மயிரிழை போலப் பூச்சின் மேலே கன்னாபின்னாவென்று ஓடுகிற கோடுகள், பூச்சு சரியாக நனையாமல் சீக்கிரம் காய்ந்ததால் வந்தவையாக இருக்கும். அவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை. மாடித் தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கை வாட்டமாக ஓடுகிற விரிசல், வெயிலில் கான்கிரீட் தளம் நீண்டு சுருங்குவதால் உண்டாவது. கான்கிரீட் தூணும் செங்கற் சுவரும் சேருகிற இடத்தில் நேராக ஓடுகிற விரிசலுக்கு, பழைய பூச்சை வெட்டி எடுத்து, கம்பி வலை அடித்துப் பூசினால் பெரும்பாலும் நிற்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படிப்படியாக இறங்குகிற விரிசல் இருக்கிறதே, அதுதான் யோசிக்க வேண்டியது. அஸ்திவாரம் ஒரு பக்கம் அமுங்குகிறது என்பதற்கு அது அடையாளமாக இருக்கலாம்.

அந்த விரிசல் இன்னும் வளர்கிறதா, நின்றுவிட்டதா என்று அறிய ஒரு சுலபமான வழி உண்டு. அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுத வேண்டும். விரிசலுக்குக் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டை ஒட்டி வைக்க வேண்டும். சில மாதங்களில் கண்ணாடி உடைந்தாலோ, விரிசல் கோட்டைத் தாண்டினாலோ, அது கொத்தனார் வேலை அல்ல. என்ஜினீயரைக் கூப்பிட வேண்டிய வேலை. இதையும் உள்ளபடி சொல்லுகிற கொத்தனாருக்குத்தான் பார்த்த கூலி கொடுக்கத் தகும்.

சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்டுச் சட்டை

பழைய வீடுகளில் இன்னொரு விபரீதம் நடக்கிறது. தாத்தா காலத்து வீடு சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டுப் புளிக்க வைத்து வேலை செய்தார்கள். காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் முட்டையின் வெள்ளைக் கருவையும் சேர்த்து, மேற்பூச்சைக் கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கினார்கள். அந்தச் சுவரில் முகம் பார்க்கலாம் என்று சொல்வது வெறும் புகழ்ச்சியல்ல.

சிமெண்டு பிறகு வந்தது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டுக்கு உரிமைப் பட்டயம் பெற்றது 1824-ல். சென்னையில் 1904-ல் கடற்சிப்பியைக் கொண்டு சிமெண்டு செய்யும் முயற்சி நடந்தது. திருநெல்வேலிக்குப் பக்கத்தில் தாழையூத்தில் இந்தியா சிமெண்ட்ஸ் ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன் பிறகு சிமெண்டு வீதிக்கு வீதி கிடைத்தது. சுண்ணாம்பு அரைக்கிற செக்குகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

சிமெண்டைக் குறை சொல்வதற்கில்லை. சிமெண்டினால் கட்டிய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுப் பொருத்தமே. ஆனால் சுண்ணாம்புச் சுவரின் சுபாவம் வேறு. அது ஈரத்தை உறிஞ்சும். வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். மூச்சு விடுகிற சுவர் அது. அதன் மேல் கெட்டியான சிமெண்டுச் சட்டையை மாட்டிவிட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியின்றித் தவிக்கிறது. ஈரத்தோடு வந்த உப்பு சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் இடையே படிகமாகக் கட்டிப் பூச்சை வெளியே தள்ளுகிறது. கடைசியில் சிமெண்டு பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வருகிறது. எண்பது வருஷம் நின்ற சுவர், "பலமாக இருக்கட்டும்" என்று செய்த ரிப்பேரினால் பத்து வருஷத்தில் பலவீனமாகிறது.

சுண்ணாம்புப் பூச்சுத் தெரிந்த கொத்தனார்கள் இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. செட்டிநாட்டிலும், பழைய கோயில் திருப்பணி நடக்கிற ஊர்களிலும் இருக்கிறார்கள். ஆனால் வேலை கொடுத்தால்தானே வித்தை பிழைக்கும்? பழைய வீட்டுக்காரர் ஒருவர் தேடிப் போய் அழைத்தால், அந்த வீட்டுச் சுவரோடு ஒரு தொழிலும் தப்பிக்கிறது.

இன்னொரு வகை யோசனையும் இப்போது பெருகியிருக்கிறது. கைத்தொலைபேசியில் அமெரிக்கர் ஒருவர் ஒரு மணி நேரத்தில் சுவரின் ஓட்டையை அடைத்துக் காட்டுகிறார். அதைப் பார்த்துவிட்டு ஒரு டப்பா பட்டியை வாங்கி வருகிறார்கள். அங்கே வீட்டின் உட்சுவர் பெரும்பாலும் மரச் சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகை. கெட்ட பகுதியைச் சதுரமாக அறுத்து எடுத்து, புதுத் துண்டைப் பொருத்தி, நாடா ஒட்டி, பசையைத் தடவினால் வேலை முடிந்தது. இங்கே ஜிப்சம் பலகையை ஆபீஸ் தடுப்புகளிலும் பொய்க் கூரைகளிலும் காணலாம். வீட்டுச் சுவர் செங்கல். அதுவும் தவிர, அங்கேயும் ஈரத்தின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் பலகையை மாற்றினால் புதுப் பலகையும் ஊறிப் பூஞ்சைக்காளான் பூக்கத்தான் செய்யும். சுவர் மாறினாலும் தண்ணீரின் குணம் மாறுவதில்லை.

பேரம் பேசினால் எது குறைகிறது?

காரணத்தைக் கண்டு, ஓட்டையை அடைத்து, சுவரையும் நன்றாக உலர விட்ட பிறகுதான் பூச்சு வேலை. மழையில் பார்க்க வேண்டும். வெயிலில் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நாடி பார்த்தால் தை, மாசியில் வைத்தியம் செய்யலாம். பொங்கலுக்குள் முடிய வேண்டும் என்று ஈரச் சுவரின் மேல் பூசச் சொல்லுகிறவர் வீட்டுக்காரரே தவிர மேஸ்திரி அல்ல.

பேரத்திலும் இதே கதைதான். கூலியை இழுத்துப் பிடித்துக் குறைத்துவிட்டதாக வீட்டுக்காரர் சந்தோஷப்படுகிறார். எது குறைந்தது என்று அவருக்குத் தெரிவதில்லை. பூச்சின் கனம் குறையலாம். உட்சுவருக்குச் சாதாரணமாக 12 மில்லிமீட்டர் கனத்தில், ஒரு பங்கு சிமெண்டுக்கு ஆறு பங்கு மணல் என்பது வழக்கம். ஆறு என்பது எட்டாகலாம். கலந்த சாந்தை அரை மணி, முக்கால் மணிக்குள் உபயோகிக்க வேண்டும். மீந்ததை வீணாக்க மனமின்றி மத்தியானம் மறுபடி தண்ணீர் விட்டுப் பிசையலாம். எல்லாவற்றையும்விட, பூசிய சுவரைக் குறைந்தது ஏழு நாள் நனைத்து ஆற்ற வேண்டும். மூன்று நாள் கூலிக்குப் பேசி முடித்த வேலையில் நாலாம் நாள் தண்ணீர் தெளிக்க யார் வருவார்கள்?

அந்தத் தண்ணீரைத் தெளிக்கிறவள் பெரும்பாலும் சித்தாள். மணல் சுமப்பவளும், சாந்து எடுத்துக் கொடுப்பவளும் அவளே. பத்து இருபது வருஷம் கொத்தனார் பக்கத்தில் நின்று வேலையைப் பார்த்தும், அவள் கையில் கரண்டியைக் கொடுக்கிறவர்கள் மிகச் சிலரே. கட்டடத் தொழிலாளருக்காகத் தமிழ்நாட்டில் 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-ல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. அதில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் கல்விக்கு உதவி, வயதான பின் ஓய்வூதியம் என்று பல உதவிகள் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் பதிந்திருக்கிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்பதும், உயரத்தில் வேலை என்றால் சாரம் உறுதியாகக் கட்டியிருக்கிறதா என்று பார்ப்பதும் வீட்டுக்காரருக்குச் செலவு வைக்காத கடமைகள்.

யாரை அழைப்பது?

பெரிய விளம்பரத்தோடு வருகிற கம்பெனிகள் இலவசமாகவே சுவரைப் பார்த்துச் சொல்லுகின்றனவே, கொத்தனாருக்கு எதற்குத் தண்டமாக ஒரு நாட்கூலி என்று சிலர் கேட்கலாம். இலவசமாகப் பார்க்கிறவர் எதையாவது விற்றால்தானே அவருக்குக் கட்டுபடியாகும்? "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்ற பதில் அங்கே கிடைப்பது அரிது. கூலியைக் கொடுத்துக் கேட்டால் அந்தப் பதிலும் கிடைக்க வழி உண்டு.

கூலி வாங்கிக்கொண்டும் பொய் சொன்னால் என்ன செய்வது? இருக்கலாம். அதனால்தான் பக்கத்து ஆள் நல்லது. உள்ளூர் ஆள் என்றால் அவர் பிறந்த ஊரைப் பற்றிய பேச்சல்ல. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து நன்றாக வேலை செய்கிறவர்கள் இன்று தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அடுத்த மழையில் கறை திரும்பினால், கூப்பிட்ட குரலுக்கு வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவரே உள்ளூர் ஆள். நாளைக்கும் அதே தெருவில் நடமாட வேண்டியவருக்குப் பெயர் ஒரு மூலதனம்.

அவர் போன மாதம் பூசிய சுவரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. போன மாதச் சுவர் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். மூன்று மழை கண்ட சுவரைப் பார்க்க வேண்டும். அந்த வீட்டுக்காரரிடம், "மறுபடி கூப்பிட்டபோது வந்தாரா?" என்று கேட்க வேண்டும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் அல்லவா? எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, ஜன்னலும் கதவும் கழிவு உண்டா, பொருள் யார் வாங்குவது, கனம் என்ன, கலவை என்ன, தண்ணீர் தெளிக்கும் ஏழு நாள் யார் பொறுப்பு, இடிசலை யார் அள்ளுவது என்பதையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொண்டால் பாதிச் சண்டை பிறக்காமலே போகும். அட்வான்ஸாக முழுப் பணத்தையும் கொடுப்பது மடமை. வேலை முடிந்த பிறகும் கூலியை இழுத்தடிப்பது அதைவிடப் பெரிய பாவம். வேலை நடக்க நடக்கத் தவணையாகக் கொடுத்து, பத்தில் ஒரு பங்கை மட்டும் முதல் மழை வரை நிறுத்தி வைப்பதாக ஆரம்பத்திலேயே பேசிக்கொள்ளலாம். மழையில் சுவர் தாங்கினால் அந்தப் பணத்தை மேஸ்திரி கேட்கும் முன்பே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். அந்த நாணயம் அடுத்த வேலையில் வட்டியோடு திரும்பி வரும்.

ஏழை எளியவர்கள் பார்க்கிற கூலிக்கு எங்கே போவார்கள் என்பதும் நியாயமான கேள்வியே. ஆனால் அதே சுவரை மூன்று முறை பூசுகிற செலவைத் தாங்க முடியாதவரும் அவரே. பணக்காரர் கறையை மறைக்க மரப்பலகை அடித்துவிடுவார். ஓய்வு பெற்ற வாத்தியாரும், சிறு கடைக்காரரும் பிராவிடண்ட் பணத்தையோ சீட்டுப் பணத்தையோ எடுத்துத்தான் சுவரைப் பூசுகிறார்கள். அவர்களுக்குத்தான் இந்த ஒரு நாட்கூலி எல்லாரையும்விட அதிக லாபம்.

சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுதலாம்? அந்தச் சுவர் நிற்க வேண்டுமானால், கொத்தனாரின் கைக்குக் கொடுக்கிற மதிப்பை அவருடைய கண்ணுக்கும் காதுக்கும் கொடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளே பொத்தலா கெட்டியா என்று ஓசையிலேயே சொல்லுகிற ஆள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். அவர்களை இதுவரை யாரும் கேட்கவில்லை. அதனால் அவர்களும் சொல்லவில்லை. இந்த வருஷ மழைக்காவது, பூச்சு வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு முன் ஒரு நாள் கூலி கொடுத்துக் கேட்டுப் பார்க்கட்டும் வீட்டுக்காரர்கள்.